குஞ்சு வாயைத் திறந்தால் தாய்க்கு என்ன தெரியும்?



"அழுத பிள்ளைதான் பால் குடிக்கும்" என்று நம்ம பெரியவங்க சொல்லிக் கேட்டிருக்கிறோம். ஆனால் ஒரு பறவைக் கூட்டை எட்டிப் பாருங்கள். அங்கே எல்லாப் பிள்ளையும் அழுகிறது. எல்லாம் வாயைப் பிளந்துகொண்டு கத்துகிறது. தாய் கொண்டு வருவதோ ஒரே ஒரு புழு. அப்போ அந்தப் புழு யாருக்கு?

இந்தக் கேள்வி எங்களுக்குத் தோன்றியதல்ல. பண்ணைக்காடு பக்கம் ஒரு ஊரில், போன சித்திரை மாதம் குழுக் கூட்டம் நடந்தது. உறுப்பினர் ஒருவர் வீட்டு வாசலில், சௌசௌ பந்தலுக்குக் கீழே பாய் விரித்து உட்கார்ந்திருந்தோம். பந்தல் கொடிக்குள்ளே ஒரு கொண்டைக்குருவி கூடு. தலையில் கூரான கொண்டை, கன்னத்தில் சிவப்புப் பொட்டு, வாலுக்கு அடியிலும் சிவப்பு. புத்தகத்தில் இதைச் சிவப்பு மீசைச் சின்னான் என்று போட்டிருக்கும். கொடைக்கானல் மலையில் வீட்டுக்கு வீடு வருகிற பறவை. கூட்டுக்குள்ளே மூன்று குஞ்சு.

சேமிப்புப் பணம் வசூல் நடந்துகொண்டிருக்கிறது. ஊக்குநர் பேர் வாசிக்கிறார். ஆனால் யார் கண்ணும் நோட்டில் இல்லை. தாய்க்குருவி வந்து உட்கார்ந்ததும் மூன்று வாயும் ஒரே நேரத்தில் திறக்கிறது. உள்ளே செக்கச் செவேல் என்று இருக்கிறது, ஓரத்தில் வெளிர் மஞ்சள். தாய் ஒரு நொடி பார்த்தது, ஒரு வாயில் புழுவை வைத்தது, பறந்து போய்விட்டது.

அப்போது அந்த வீட்டு அக்கா கேட்டார்: "எல்லாந்தான் கத்துது மேடம். இதுக்குக் கொடுக்கணும், அதுக்கு வேண்டாம்னு அந்தக் குருவிக்கு எப்படித் தெரியும்? எனக்கு மூணு பிள்ளைங்க. எனக்கே தெரிய மாட்டேங்குதே."

எல்லோரும் சிரித்தோம். பதில் எங்களுக்கும் அன்றைக்குத் தெரியவில்லை. அடுத்த கூட்டத்துக்குள் படித்துக் கேட்டுச் சொல்கிறோம் என்று வாக்குக் கொடுத்தோம். படித்ததை நம் கூட்டமைப்பின் எல்லாக் குழுக்களுக்கும் சேர்த்து இங்கே எழுதுகிறோம்.

வாய்தான் முகம்

முட்டையை விட்டு வந்த குருவிக் குஞ்சுக்கு உடம்பில் இறகு இல்லை. கண் திறக்கவில்லை. நகர முடியாது. தாய் வந்து உட்காரும்போது கூடு லேசாக ஆடும். அந்த ஆட்டம்தான் அதற்கு அடையாளம். உடனே கழுத்தை நீட்டி, உடம்பே வாய் என்கிற மாதிரி திறந்துவிடும்.

மேலிருந்து பார்க்கிற தாய்க்குத் தெரிவது அந்த வாய் மட்டும்தான். அதனால் குஞ்சு சொல்ல வேண்டிய சேதி எல்லாம் வாயில்தான் எழுதியிருக்க வேண்டும். உள்வாயின் நிறம் ஒன்று, வாய் ஓரத்தில் தடித்த மடிப்பு இன்னொன்று. மைனாக் குஞ்சு கீழே விழுந்து கிடந்தால் பார்த்திருப்பீர்கள், வாய் ஓரம் பளிச்சென்று மஞ்சளாக இருக்கும். ஊர்க்குருவிக் குஞ்சுக்கும் அப்படித்தான். வளர்ந்து தானாக இரை தேடத் தொடங்கியதும் அந்த மடிப்பு சுருங்கி மறைந்துவிடும். கேட்கிற காலம் முடிந்ததும் கேட்கிற அடையாளமும் போய்விடுகிறது.

கத்துவதும் சேதிதான். ஆனால் கத்துவதில் ஆபத்து உண்டு. பாம்பு, பூனை, காக்கை எல்லாவற்றுக்கும் அந்தச் சத்தம் கேட்கும். நிறம் அப்படி இல்லை. வாயை மூடினால் மறைந்துவிடும். தாய் பக்கத்தில் இருக்கும்போது மட்டும் காட்டுகிற கடிதம் அது.

சிவப்பு என்றால் பசி

இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் ரெபெக்கா கில்னர் என்ற பெண் ஆய்வாளர் கேனரி என்னும் சிறு பறவையின் குஞ்சுகளை ஆராய்ந்தார். 1997-ல் அந்த ஆய்வு வெளியானது. கேனரிக் குஞ்சு இரை கேட்டு வாயைத் திறந்ததும் உள்வாய் சிவந்து வரும். எவ்வளவு நேரம் சாப்பிடாமல் இருந்ததோ அவ்வளவு சிவப்பு. சாப்பிட்ட குஞ்சுக்கு அவ்வளவு சிவப்பு ஏறாது.

காரணம் ரத்த ஓட்டம்.   நமக்குச் சாப்பிட்ட பிறகு செரிப்பதற்காக ரத்தம் குடல் பக்கம் அதிகம் போகும். குஞ்சுக்கும் அப்படித்தான் இருக்க வேண்டும் என்று அவர் கருதினார். வயிறு நிறைந்த குஞ்சின் ரத்தம் வயிற்று வேலைக்குப் போய்விடுகிறது. காலி வயிற்றுக் குஞ்சுக்குத்தான் வாயைச் சிவக்க வைக்க ரத்தம் மிச்சம். அதனால் இந்தச் சேதியில் பொய் சொல்வது கஷ்டம். கத்துவதை யாரும் கூடுதலாகக் கத்தலாம். வயிறு நிறைந்தபின் வாயைச் சிவக்க வைப்பது அவ்வளவு சுலபமில்லை.

தாய் இதைக் கவனிக்கிறதா என்பதையும் அவர் சோதித்தார். சமையலுக்குப் போடுகிற சிவப்புச் சாயத்தைக் கொஞ்சம் குஞ்சு வாயில் தடவினார். தாய்ப்பறவை அந்தச் சிவந்த வாய்க்குக் கூடுதலாக இரை கொடுத்தது. தாய் நிறத்தைப் பார்த்துத்தான் கொடுக்கிறது என்று உறுதியாயிற்று.

சிவப்பு என்றால் ஆரோக்கியம்

இதோடு கதை முடிந்தால் சுலபம். ஆனால் இன்னொரு பறவை வேறு கதை சொல்கிறது.

தகைவிலான் என்று ஒரு பறவை. குளிர்காலத்தில் வடக்கேயிருந்து தமிழ்நாட்டுக்கு வரும். நீளமான கவட்டு வால், மின்கம்பியில் வரிசையாக உட்கார்ந்திருக்கும். இது குஞ்சு பொரிப்பது குளிர்நாடுகளில், மாட்டுக் கொட்டகை உத்தரத்தில் மண்கூடு கட்டி. இத்தாலியில் நிக்கோலா சைனோ என்ற ஆய்வாளரும் அவருடன் இருந்தவர்களும் இந்தக் குஞ்சுகளை ஆராய்ந்து 2000-ல் எழுதினார்கள்.

சில குஞ்சுகளுக்கு நோய் வராத, ஆனால் உடம்பு 'ஏதோ கிருமி வந்துவிட்டது' என்று நினைத்து எதிர்த்துப் போராடுகிற ஊசி ஒன்றைப் போட்டார்கள். அந்தக் குஞ்சுகளின் வாய்ச் சிவப்பு குறைந்து போனது. லுட்டீன் என்ற நிறச் சத்தைக் கொடுத்ததும் நிறம் திரும்ப ஏறியது. தாய்ப்பறவைகள் நல்ல நிறமுள்ள வாய்களுக்கே அதிகம் ஊட்டின. அதாவது கேனரியில் சிவப்பு வாய் "எனக்குப் பசிக்குது" என்கிறது. தகைவிலானில் சிவப்பு வாய் "நான் நோயில்லாமல் இருக்கேன், எனக்குக் கொடுத்தால் வீணாகாது" என்கிறது.

கேரட்டும் குஞ்சு வாயும்

இந்த நிறச் சத்துக்குப் பேர் கரோட்டினாய்டு. பேரைக் கேட்டதும் ஏதாவது தோன்றுகிறதா? நம்ம பூம்பாறை, மன்னவனூர் பக்கம் விளைகிற கேரட்டிலிருந்து வந்த பேர்தான். 1831-ல் ஜெர்மனியில் வாக்கன்ரோடர் என்பவர் கேரட்டிலிருந்து இந்தப் பொருளைப் பிரித்தெடுத்துக் கரோட்டின் என்று பேர் வைத்தார். மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு நிறங்களைத் தருகிற இந்தக் குடும்பம் முழுவதுக்கும் அதுவே பேராயிற்று.

பறவையின் உடம்பு இதைத் தானாகச் செய்துகொள்ள முடியாது. நம் உடம்பும் அப்படித்தான். செடிதான் செய்கிறது. இலையில் இருக்கிறது, பச்சை நிறம் அதை மறைத்திருக்கிறது. இலையைப் புழு தின்கிறது. புழுவைக் குருவி தின்கிறது, குஞ்சுக்கும் கொடுக்கிறது. குஞ்சின் உடம்பு இதை இரண்டு விதமாகச் செலவு செய்யலாம்: நோயை எதிர்க்கலாம், அல்லது வாய்க்கு நிறம் ஏற்றலாம். நோய் வந்துவிட்டால் நிறத்துக்கு மிச்சம் இருக்காது. நம்ம வீட்டு வரவு செலவு மாதிரிதான். ஆஸ்பத்திரிச் செலவு வந்த மாதம் புதுச் சேலை எடுக்க முடியுமா?

எந்தத் தாய் செய்வது சரி?

பசித்த குஞ்சுக்குக் கொடுக்கிற தாய் நல்ல தாயா, பலமான குஞ்சுக்குக் கொடுக்கிற தாய் நல்ல தாயா? இதைக் கூட்டத்தில் சொன்னபோது பெரிய விவாதமே நடந்தது. "நோஞ்சான் பிள்ளையை விட்டுட்டுத் தெம்பான பிள்ளைக்கு ஊட்டுறது ஒரு தாயா?" என்று ஒரு பாட்டி கோபப்பட்டார்.

2016-ல் இங்கிலாந்தின் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 143 வகைப் பறவைகளைப் பற்றி அதுவரை வந்த ஆய்வுகளை ஒன்று சேர்த்துப் பார்த்தார்கள். அதில் ஒரு ஒழுங்கு தெரிந்தது. இரை நம்பிக்கையாகக் கிடைக்கிற இடத்தில் வாழ்கிற பறவைகள், அதிகம் கேட்கிற குஞ்சுக்கு, அதாவது பசித்த குஞ்சுக்குக் கொடுக்கின்றன. அங்கே எல்லாக் குஞ்சையும் காப்பாற்ற முடியும். மழையும் இரையும் எப்போது பொய்க்கும் என்று தெரியாத இடத்தில் வாழ்கிற பறவைகள் அழுகையைக் கண்டுகொள்வதில்லை. பெரிய குஞ்சு எது, தெம்பான குஞ்சு எது என்பதைப் பார்த்துக் கொடுக்கின்றன. எல்லாவற்றையும் காப்பாற்ற முடியாது என்றால் ஒன்றையாவது காப்பாற்றலாம் என்கிற கணக்கு.

தாயின் மனசு கல்லானதால் இப்படி நடக்கவில்லை. இரை எவ்வளவு வரும் என்பதுதான் தீர்மானிக்கிறது. இதைக் கேட்டதும் அந்தப் பாட்டி கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "பஞ்ச காலத்துல மனுஷங்களும் அப்படித்தான் இருந்தாங்க. எங்க ஆத்தா சொல்லும்" என்றார்.

கடைக்குட்டிக்கு அம்மா வைத்த பங்கு

நாமக்கோழி பார்த்திருக்கிறீர்களா? சமவெளிப் பக்கம் ஏரி குளங்களில் நீந்தும். உடம்பெல்லாம் கறுப்பு, நெற்றியில் மட்டும் நாமம் போட்ட மாதிரி வெள்ளை. இதன் அமெரிக்க உறவுக்காரப் பறவையின் குஞ்சுகள் பிறக்கும்போது ஆரஞ்சு நிறப் பூம்பட்டு இறகும் சிவந்த தலையுமாக இருக்கும். அம்மா அப்பா இரண்டும் கறுப்பு, பிள்ளை மட்டும் ஏன் இப்படி?

புரூஸ் லயன் என்பவரும் அவருடைய நண்பர்களும் கனடா நாட்டில் இதைச் சோதித்து 1994-ல் வெளியிட்டார்கள். பாதிக் குஞ்சுகளின் ஆரஞ்சு நுனிகளைக் கத்தரித்து விட்டார்கள். அவை கறுப்பாகத் தெரிந்தன. தாய் தகப்பன் ஆரஞ்சுக் குஞ்சுகளுக்கே அதிகம் ஊட்டின. அவை வேகமாக வளர்ந்தன, அதிகம் பிழைத்தன. ஒரு குடும்பத்தில் எல்லாக் குஞ்சுகளையும் கத்தரித்துவிட்டால் அவற்றுக்கு ஒன்றும் குறைவில்லை. ஒப்பிட்டுப் பார்க்கும்போதுதான் வித்தியாசம் வருகிறது.

பின்னால் 2020-ல் அதே லயனும் சிசுகா என்பவரும் இன்னொன்றைக் கண்டு எழுதினார்கள். கடைசியில் பொரித்த குஞ்சுகளுக்குத்தான் நிறம் அதிகம். முதலில் பொரித்தவை பெரிதாகி எல்லாவற்றையும் பிடுங்கித் தின்றுவிடும். கடைக்குட்டிகளில் பல பட்டினியில் செத்துப் போகும். கொஞ்ச நாள் போனதும் தாய் தகப்பன் தலையிட்டுச் செல்லப் பிள்ளையைத் தேர்ந்தெடுத்து ஊட்டத் தொடங்கும். அப்போது நிறம் கூடிய கடைக்குட்டிகளுக்கு லாபம். முட்டை இடும்போதே கடைசி முட்டைகளில் தாய் இந்த நிறச் சத்தைக் கூடுதலாக வைத்து அனுப்புகிறது என்று அவர்கள் கருதுகிறார்கள். பிறக்கும் முன்னாலேயே கடைக்குட்டிக்கு அம்மா ஒரு பங்கு எடுத்து வைத்த மாதிரி.

இருட்டுக் கூட்டில் என்ன செய்யும்?

கொண்டைக்குருவி கூடு திறந்த கிண்ணம். வெளிச்சம் உண்டு. பொந்தில் வாழ்கிற குஞ்சு என்ன செய்யும்?

நம் மலையில் பட்டாணிக்குருவி கல்சுவர் இடுக்கிலும் மரப் பொந்திலும் கூடு வைக்கும். சோலைக்காட்டுக்குள் வெள்ளை வயிற்றுச் சோலைக்கிளி என்று ஒரு பறவை இருக்கிறது. பேரில் கிளி இருந்தாலும் கிளி இல்லை, நீல நிறச் சிறு பறவை. தென்னிந்திய மலைகளைத் தவிர உலகத்தில் வேறெங்கும் கிடையாது. 2017-ல் விஞ்ஞானிகள் இதன் பேரினத்துக்கு சோலிக்கோலா என்று பேர் வைத்தார்கள். இதுவும் மண்கரை ஓட்டையிலும் மரப் பொந்திலும்தான் முட்டையிடும்.

இருட்டில் சிவப்பு கறுப்பாகத் தெரியும்.  மஞ்சளும் வெள்ளையும் இருட்டிலும் எடுப்பாக நிற்கும். அதனால்தான் பொந்தில் வளர்கிற குஞ்சுகள் பலவற்றுக்கு வாயோர மடிப்பு வெளிறிய மஞ்சளாக, அகலமாக இருக்கிறது. நம் பட்டாணிக்குருவியின் ஐரோப்பிய உறவுப் பறவையின் குஞ்சு வாய்களில் சுவிட்சர்லாந்து ஆய்வாளர்கள் மஞ்சளும் சிவப்பும் பூசிப் பார்த்து 2003-ல் எழுதினார்கள். மங்கிய வெளிச்சத்தில் மஞ்சள் வாய்க்கே அதிகப் பலன் கிடைத்தது.

இன்னொரு விஷயமும் உண்டு. நம் கண்ணுக்குத் தெரியாத புற ஊதா ஒளி பல பறவைகளின் கண்ணுக்குத் தெரியும். குஞ்சின் வாயோரமும் தோலும் அந்த ஒளியைத் திருப்பி அனுப்புகிறது. நாம் மஞ்சள் என்று பார்ப்பது தாய்க்கு நாம் பார்க்காத ஒரு நிறமாகவும் தெரியும்.

பொய் வாய் காட்டுகிற குயில்

நல்ல மொழி இருக்கும் இடத்தில் ஏமாற்றுகிறவர்களும் இருப்பார்கள். கோடையில் இரவும் பகலும் ஒரு பறவை ஓயாமல் கூப்பிடுவதைக் கேட்டிருப்பீர்கள். அக்காக்குயில் என்று பேர். இது கூடு கட்டாது. தவிட்டுக்குருவி கூட்டில் முட்டையிட்டுவிட்டுப் போய்விடும்.

இதன் உறவுக்காரக் குயில் ஒன்று ஜப்பானில் இருக்கிறது. அங்கே தனாகா, உவேதா என்ற இருவர் 2005-ல் எழுதிய ஆய்வு இது. அந்தக் குயில் குஞ்சு, கூட்டுக்காரப் பறவையின் பிள்ளைகளைத் தள்ளிவிட்டுத் தனியாக இருக்கும். ஆனால் உடம்பு பெரிசு, பசியும் பெரிசு. ஒரே ஒரு வாயைப் பார்த்தால் வளர்ப்புத் தாய் ஒரு பிள்ளைக்குத்தான் கொண்டு வரும். அதற்குக் குயில் குஞ்சு ஒரு வழி வைத்திருக்கிறது. அதன் இறக்கைக்கு அடியில் வாயைப் போலவே மஞ்சளாக ஒரு தோல் உண்டு. தாய் வந்ததும் வாயைத் திறந்து, இறக்கையையும் தூக்கி ஆட்டும். தாய்க்குப் பல வாய்கள் தெரியும். சில நேரம் இறக்கைத் தோலிலேயே புழுவை வைக்கப் பார்க்குமாம்! அந்தத் தோலைக் கறுப்பாக்கியபோது தாய் இரை கொண்டு வருவது குறைந்தது.

"எங்க குழுவிலயும் ஒரு ஆளுக்கு ரெண்டு பேர்ல கடன் கேட்டாங்களே" என்று ஒரு அக்கா சொன்னதும் கூட்டமே சிரித்தது.

நாம் எதைப் பார்க்கிறோம்?

இனி, கேள்வி கேட்ட அந்த அக்காவிடம் வருகிறோம். அவருக்கு ஆறு வயசில் ஒரு பெண், மூன்றரை வயசில் ஒரு பையன், ஒரு வயசில் கைக்குழந்தை. மூத்தவள் கேட்டு வாங்கிச் சாப்பிடுவாள். கைக்குழந்தை அழும். நடுப் பையன் சமர்த்து. ஒரு மூலையில் உட்கார்ந்திருப்பான். அன்றைக்கும் பாய் ஓரத்தில் சத்தமில்லாமல்தான் இருந்தான்.

அடுத்த மாதக் கூட்டத்துக்கு, கை சுற்றளவு அளக்கிற நாடா கொண்டு போயிருந்தோம். அதில் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று மூன்று நிறம். ஆறு மாதம் முதல் ஐந்து வயசுக்குள் இருக்கிற பிள்ளையின் இடது மேல் கையில் சுற்ற வேண்டும். 12.5 சென்டிமீட்டரும் அதற்கு மேலும் பச்சை. 11.5-க்கும் 12.5-க்கும் நடுவில் மஞ்சள், பிள்ளை மெலிந்திருக்கிறது. 11.5-க்குக் கீழே சிவப்பு, தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போக வேண்டும்.

கைக்குழந்தைக்குப் பச்சை. சமர்த்துப் பையனுக்கு மஞ்சள்.

அந்த அக்கா நாடாவையே பார்த்துக்கொண்டு நின்றார். "இவன் கேட்கவே மாட்டான் மேடம். கேட்கலைன்னா பசிக்கலைன்னு இருந்துட்டேன்" என்றார். யாரும் சிரிக்கவில்லை. எங்களுக்கும் மனசு சங்கடமாகத்தான் இருந்தது. நாலு மாதமாக அந்த வீட்டு வாசலில் கூட்டம் நடத்துகிறோம். அந்தப் பையனை நாங்களும் "நல்ல பிள்ளை, தொந்தரவே இல்லை" என்று பாராட்டியிருக்கிறோம்.

குருவிக் குஞ்சு வாயைத் திறந்தால் தாய்க்குத் தெரிந்துவிடும். மனுஷப் பிள்ளைக்கு அப்படி நிறம் மாறாது. சத்துக் குறைந்த பிள்ளை பல நேரம் சுறுசுறுப்புக் குறைந்து அமைதியாகிவிடும். அழுவதற்கும் தெம்பு வேண்டுமே. அதனால்தான் நமக்கு நாடா வேண்டியிருக்கிறது, அங்கன்வாடியில் எடை போட்டுக் குறிக்கிற வளர்ச்சி அட்டை வேண்டியிருக்கிறது. அதிலும் பச்சை, மஞ்சள், ஆரஞ்சு என்று நிறம்தான். பிள்ளையால் காட்ட முடியாத நிறத்தை நாம் அட்டையில் பார்க்கிறோம்.

அந்தப் பையன் அங்கன்வாடிக்கு ஒழுங்காகப் போகிறான். வீட்டில் அவன் தட்டைத் தனியாக வைத்து, அவன் எவ்வளவு சாப்பிட்டான் என்று அம்மா பார்க்கிறார். போன மாதம் அளந்தபோது பச்சையில் கால் வைத்திருந்தான்.

நமக்கும் ஒரு நிறம் உண்டு. கண்ணாடி முன் நின்று கீழ் இமையை இழுத்துப் பாருங்கள். உள்ளே சிவந்திருக்க வேண்டும். வெளிறியிருந்தால், நாக்கும் வெளிறியிருந்தால் ரத்தசோகையாக இருக்கலாம். இமை சிவந்திருந்தாலும் குறைவாக இருக்க வாய்ப்பு உண்டு, அதனால் கண்ணை மட்டும் நம்பாமல் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்தம் சோதித்துக்கொள்ளுங்கள். எல்லோருக்கும் போட்டுவிட்டுக் கடைசியில் சட்டியை வழித்துச் சாப்பிடுகிற பழக்கம் நம்மில் எத்தனை பேருக்கு? யார் தட்டையும் பார்க்கிற நாம் நம் தட்டையும் பார்க்க வேண்டும்.

கூட்டைக் காக்க

குருவிகளுக்காகவும் சில விஷயங்கள்.

பந்தலிலோ வேலியிலோ கூடு இருந்தால், குஞ்சு பறக்கும் வரை கவாத்து வெட்டுவதைத் தள்ளிப் போடுங்கள். இரண்டு மூன்று வாரம்தான் ஆகும்.

இறகு முளைக்காத குஞ்சு கீழே விழுந்திருந்தால் எடுத்துக் கூட்டில் வையுங்கள். "மனுஷக் கை பட்டால் தாய் சேர்க்காது" என்பது பெரும்பாலும் சரியல்ல. இறகு முளைத்துத் தத்தித் தத்திப் போகிற குஞ்சு என்றால் பூனைக்கு எட்டாத கொம்பில் விட்டுவிடுங்கள். தாய் அங்கேயே வந்து ஊட்டும்.

மருந்து அடிப்பதில் கவனம் வேண்டும். பழம், தானியம் தின்கிற குருவிகளில் பலவும் குஞ்சுக்குப் புழு பூச்சிதான் கொடுக்கும். பட்டாணிக்குருவி வகைகள் ஒரு நாளில் சில நூறு தடவை கூட்டுக்கு இரை கொண்டு வரும். பின்லாந்து நாட்டில் செம்பு உருக்கும் ஆலைக்குப் பக்கத்தில் வளர்ந்த இந்த வகைக் குஞ்சுகளின் மஞ்சள் இறகு வெளிறிப் போயிருந்ததை ஆய்வாளர்கள் 1998-ல் எழுதினார்கள். அங்கே பச்சைப் புழு குறைந்து போனதுதான் காரணம் என்று சொன்னார்கள். நம் பீன்ஸ், முட்டைக்கோஸ், உருளைக்கிழங்குத் தோட்டங்களில் தேவை இருக்கிறதோ இல்லையோ நாள் கணக்கு வைத்து மருந்து அடித்தால், நமக்குப் புழு பிடித்துக் கொடுக்கிற குருவியின் பிள்ளைக்கும் சோறு போய்விடும். தாக்குதலைப் பார்த்து, தேவையான பாத்திக்கு மட்டும் அடியுங்கள். கூடு இருக்கிற வேலி ஓரத்தை விட்டுவிடுங்கள்.

குழுவில் பேச ஒரு விஷயம்

கடைசியாக ஒன்று. நம் உள்கடன் யாருக்குப் போகிறது? தீர்மான நோட்டை எடுத்துப் போன வருஷத்தைப் பாருங்கள். சத்தமாகக் கேட்டவர்களுக்கா, தேவை இருந்தவர்களுக்கா, திருப்பிக் கட்டுவார் என்று தெரிந்தவர்களுக்கா? ஒரு குழுவில் பார்த்தபோது, சேமிப்பு ஒரு மாதமும் தவறாமல் கட்டுகிற ஒரு உறுப்பினர் இரண்டு வருஷமாக ஒரு கடன்கூட வாங்கவில்லை. அவருக்குத் தேவை இல்லை என்றே எல்லோரும், நாங்களும் நினைத்திருந்தோம். கேட்டபோதுதான் தெரிந்தது, மாமியார் வைத்தியத்துக்கு வெளியில் கந்துவட்டிக்கு வாங்கியிருக்கிறார். "கேட்கக் கூச்சமா இருந்துச்சு" என்றார்.

இரை குறைந்த இடத்துப் பறவைக்குக் கேட்காத குஞ்சைத் தேடிப் பார்க்க வழி இல்லை. நம் குழுவில் பத்துப் பன்னிரண்டு பேர் சேர்ந்து பானையில் போட்டு வைத்திருக்கிறோம். நமக்கு அந்த வழி இருக்கிறது. அடுத்த கூட்டத்தில் கடன் மனு வாசிக்கும் முன்னால், இதுவரை கேட்காதவர்கள் யார் என்று ஒரு தடவை பேர் வாசியுங்கள். அவரிடம் நீங்களே கேளுங்கள்.

பந்தலில் இருந்த மூன்று குஞ்சும் வைகாசியில் பறந்துவிட்டன. கூடு காலியாக இருக்கிறது. அந்த அக்கா அதை இன்னும் எடுத்துப் போடவில்லை.